ஒரு கவளமும் ஒரு மணி நேரமும்

வேதபகுதி: 1 இராஜாக்கள் 19:4-8, மாற்கு 7:31-37



சாப்பிடும்போது ஒருவருக்குப் புரை ஏறினால், “யாரோ உங்களை நினைக்கிறார்கள்” என்று சொல்லி உச்சந்தலையில் தட்டுவது நம் வீடுகளில் வழக்கம். சுகமாயிருக்கிறவருக்கு அது ஒரு நிமிடத்தில் மறந்துபோகும் காரியம். நடுக்குவாதம் என்று நாம் சொல்லுகிற பார்க்கின்சன் வியாதியுள்ளவருக்கோ, ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டிலும் அது ஜீவனுக்கடுத்த காரியம். இந்த இதழின் பாடத்தில் அந்தப் பாடுகளையும், அதில் சபைக்குரிய பங்கையும் சிந்திப்போம்.

1. தொண்டையில் நடப்பது என்ன?

1817-ம் ஆண்டில் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் இந்த வியாதியைக் குறித்து ஒரு சிறு நூல் எழுதினார். கை நடுக்கத்தோடுகூட, உணவை விழுங்க முடியாமையையும் வாயிலிருந்து எச்சில் வழிவதையும் அவர் அப்போதே குறித்து வைத்தார். ஆனாலும் இன்றுவரை நம் ஜனங்கள் நடுக்கத்தை மாத்திரமே வியாதியாக எண்ணுகிறார்கள்.

மூளையில் டோபமின் என்னும் பொருள் குறைவதால் கைகால்கள் மெதுவாகின்றன. அதேபோல நாக்கு, தொண்டை, நெஞ்சு ஆகியவற்றின் தசைகளும் மெதுவாகின்றன. ஒரு மனிதனுடைய வாயில் ஒரு நாளில் அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை எச்சில் ஊறுகிறது. நாம் அறியாமலே அதை விழுங்கிக்கொண்டே இருக்கிறோம். இந்த வியாதியில் எச்சில் அதிகமாய் ஊறுவதில்லை; விழுங்குவதுதான் குறைகிறது. மிஞ்சினது வாயில் வழியும், அல்லது தொண்டையில் தேங்கும். வாயைத் திறந்தே மூச்சு விடுவதாலும், தண்ணீர் குறைவாய்க் குடிப்பதாலும், சில மாத்திரைகளாலும் அது உலர்ந்து கோந்துபோலத் தடிக்கும். இருமித் துப்பவும் பெலன் போதாது. “எப்போதும் தொண்டையில் சளி நிற்கிறது” என்று வியாதியஸ்தர் சொல்லுவது பெரும்பாலும் இதைத்தான்.

ஆகவே கடையில் சளி மருந்தைத் தாங்களாகவே வாங்கிக் கொடுப்பது நல்லதல்ல. சில மருந்துகள் எச்சிலை இன்னும் உலர்த்தித் தடிக்கச் செய்யும். வயதானவர்களுக்கு மனக்குழப்பத்தையும் உண்டாக்கும்.

2. மறைவான ஆபத்து

உணவோ எச்சிலோ வழி தவறி மூச்சுக்குழாய்க்குள் போனால், இருமல் வந்து அதை வெளியே தள்ள வேண்டும். இந்த வியாதியில் சிலருக்கு அந்த இருமலே வருவதில்லை. சத்தமில்லாமல் அது நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவை உண்டாக்குகிறது. பார்க்கின்சன் வியாதியஸ்தர் அநேகர் மரிப்பது நடுக்கத்தினால் அல்ல, இந்த நிமோனியாவினால்தான்.

சாப்பிட்டபின் குரல் கரகரவென்று ஈரமாய் ஒலிப்பது, ஒரு கவளத்துக்கு நெடுநேரம் ஆவது, கன்னத்தில் சோறு தங்குவது, எடை குறைவது, அடிக்கடி காய்ச்சல் வருவது ஆகியவை எச்சரிப்பின் அடையாளங்கள். இவற்றைக் கண்டால் தாமதமின்றி மருத்துவரிடம் காட்ட வேண்டும். விழுங்கும் பயிற்சி கொடுக்கிற ஸ்பீச் தெரபிஸ்டையும் பார்க்க வேண்டும். திருவேங்கடம் போன்ற கரிசல்காட்டு ஊர்களிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகத் திருநெல்வேலிக்கோ மதுரைக்கோ பஸ் ஏற வேண்டும். நடக்கமுடியாத ஒருவரைக் கூட்டிக்கொண்டு போவது ஏழைக் குடும்பத்துக்கு ஒரு நாள் கூலியும் வாடகை வண்டிச் செலவுமாகும். அதனால்தான் பலர் காய்ச்சல் முற்றின பிறகே வருகிறார்கள்.

உயர்ந்த ஸ்தானத்தில் இருந்தவர்களையும் இந்த வியாதி விடவில்லை. 1986 பிப்ரவரியில் சென்னைக்கு வந்திருந்த ரோமன் கத்தோலிக்க சபையின் போப் இரண்டாம் ஜான் பால், பல ஆண்டுகள் இவ்வியாதியால் கஷ்டப்பட்டார். 2005 பிப்ரவரியில் சுவாசிப்பதற்காக அவருடைய தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்தார்கள். அந்த வருஷம் மார்ச் 27, ஈஸ்டர் ஞாயிறன்று ஜன்னலருகே வந்து பேச முயன்றார், வார்த்தை வரவில்லை. கையை உயர்த்தி மவுனமாகவே ஆசீர்வதித்தார். ஏப்ரல் 2-ம் தேதி மரித்தார்.

3. வீட்டில் செய்யத்தக்கவை

(அ) நேராக உட்காரவைத்தே உணவு கொடுங்கள். சாப்பிட்டபின் அரை மணி நேரமாவது படுக்கவைக்க வேண்டாம்.

(ஆ) செம்பை உயர்த்தி அண்ணாந்து குடிப்பது நம் வழக்கம். இவர்களுக்கு அது ஆபத்து. அண்ணாந்தால் மூச்சுக்குழாயின் வாசல் திறந்தபடி நிற்கத் தண்ணீர் பாய்ந்துவிடும். டம்ளரில் வாய்வைத்து, தலையை நிமிர்த்தாமல், சிறு சிறு மடக்காய்க் குடிக்கட்டும்.

(இ) தண்ணீரும் பருக்கையும் கலந்த ரசஞ்சோறு, நீராகாரம் போன்றவை கடினம். குழைந்த சோறும் கெட்டியான கேழ்வரகுக் கூழும் பலருக்கு எளிது. எவ்வளவு கெட்டி என்பதை ஆளைப் பார்த்தே தெரபிஸ்ட் சொல்லுவார்.

(ஈ) லெவோடோபா மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பாகக் கொடுக்கும்படி மருத்துவர் பெரும்பாலும் சொல்லுவார். மருந்து வேலை செய்யும் வேளையில் விழுங்குவதும் சிலருக்கு எளிதாகும். கேளாமல் மாத்திரையைப் பொடிக்க வேண்டாம். சில வகைகளைப் பொடிக்கக்கூடாது. பூனைக்காலி விதையிலும் லெவோடோபா உண்டு. ஆகவே அதன் பொடியையும் தாங்களாகச் சேர்க்க வேண்டாம்.

(உ) தடித்த எச்சிலுக்கு, பகல் முழுவதும் கொஞ்சங் கொஞ்சமாய்த் தண்ணீர் கொடுத்து, “இப்போது விழுங்குங்கள்” என்று அடிக்கடி நினைப்பூட்டுங்கள். மறந்துபோன வேலையை மனதறிந்து செய்யும்போது தொண்டை கீழ்ப்படியும்.

(ஊ) காலையும் இரவும் பல் துலக்கி, நாக்கையும் வாயையும் சுத்தமாக வையுங்கள். அழுக்கான வாயின் எச்சில் நுரையீரலுக்குள் போனால் தீங்கு அதிகம்.

(எ) பேசவும் இருமவும் முடியாமல் திணறினால் தண்ணீர் கொடுக்க வேண்டாம். முன்னால் குனியவைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பாகத்தால் பலமாய்த் தட்டுங்கள், 108-ஐ அழையுங்கள்.

4. வேதம் காட்டும் வழி

சூரைச்செடியின் கீழ் சோர்ந்து படுத்திருந்த எலியாவிடம் தேவதூதன் வந்து அவனைத் தட்டியெழுப்பி, அடையும் தண்ணீரும் கொடுத்தான். அவன் புசித்து மறுபடியும் படுத்துக்கொண்டான். தூதன் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. இரண்டாந்தரம் வந்து மறுபடியும் போஜனம் கொடுத்தான். பிரயாணம் வெகுதூரம் என்று தேவன் அறிந்திருந்தார். ஊட்டுகிறவர்களுக்கு இதில் பாடம் உண்டு. பாதிச் சாப்பாட்டில் களைத்துப்போகிறவரை “பிடிவாதம்” என்று சொல்லாமல், சற்று ஓய்வு கொடுத்து இரண்டாந்தரம் வருகிறதே பரலோகத்தின் முறை.

தெக்கப்போலியில் கொன்னைவாயுடைய செவிடனை ஆண்டவரிடம் கொண்டுவந்தபோது, அவர் அவனை ஜனக்கூட்டத்தைவிட்டுத் தனியே அழைத்துக்கொண்டுபோனார். பிறகே அவனுடைய நாவைத் தொட்டார். அவனுடைய குறையை வேடிக்கையாக்க அவர் இடங்கொடுக்கவில்லை. எச்சில் வழிகிற ஒருவரைப் பந்தியில் எல்லாருக்கும் நடுவே உட்காரவைத்து அவசரப்படுத்துகிற நாம் இதை யோசிக்க வேண்டும்.

5. திருவிருந்தும் விழுங்கமுடியாதவரும்

நமது பகுதியில் சபை ஊழியத்தில் நரைத்த ஒரு பெரியவர், பல மாதங்களாய்த் திருவிருந்துக்கு வராமலிருந்தார். விசுவாசத்தில் பின்வாங்கினார் என்று சிலர் பேசினார்கள். வீட்டுக்குப்போய்ப் பொறுமையாய் விசாரித்தபோது, அடங்கிய குரலில் காரணத்தைச் சொன்னார். அப்பம் தொண்டையில் சிக்கி, பீடத்தருகே எல்லார் முன்பாகவும் இருமித் துப்பிவிடுவேனோ என்ற பயம். கர்த்தருடைய பந்தியைக் கனவீனப்படுத்திவிடுவேனோ என்று அவர் கலங்கியிருந்தார்.

தெரபிஸ்டிடம் ஆலோசனை கேட்டு, அவருடைய ஆயர் மருந்து வேலை செய்யும் வேளையில் வீட்டுக்கு வந்தார். கடுகளவான அப்பத்தைத் திராட்சரசத்தில் நன்றாய் ஊறவைத்துக் கொடுத்தார். அதை விழுங்க அந்தப் பெரியவருக்குச் சில நிமிஷங்கள் ஆயின. ஒருவரும் அவசரப்படவில்லை. ஆண்டவருடைய சரீரத்தில் தனக்கும் இன்னும் பங்குண்டு என்ற சந்தோஷத்தை அவருடைய முகத்தில் கண்டோம். வியாதியினால் முகபாவம் இறுகிப்போனவர்களிடத்தில் கண்கள்தான் பேசும்.

இன்னொரு காரியம். உபவாச நாட்களிலும் சுகமளிக்கும் கூட்டங்களுக்குப் பின்பும் சிலர் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். இந்த மருந்தைச் சடுதியில் நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து உண்டாகலாம். ஜெபிப்போம், மருந்தையும் ஸ்தோத்திரத்தோடே கொடுப்போம்.

6. நாம் செய்யக்கூடியது

இந்த வியாதியைக் குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை. ஆனாலும் மெதுவாய் ஊட்டுகிற ஒரு கரத்தால் எத்தனையோ காய்ச்சல்களைத் தவிர்க்கலாம். உங்கள் காணிக்கைகள் ஏழைகளுக்கு மருந்தும் பிரயாணச் செலவும் ஆகட்டும். அதோடு, வாரத்தில் ஒரு மணி நேரத்தையும் கேட்கிறோம். உங்கள் சபையில் இப்படிப்பட்ட ஒருவர் இருந்தால் அவருக்கு ஒரு வேளை நீங்கள் ஊட்டுங்கள். இரவும் பகலும் பார்த்துக்கொள்ளுகிற மனைவியோ மருமகளோ அந்த நேரம் இளைப்பாறட்டும்.

சிந்திக்க:
1. சபைக்கு வருவதை நிறுத்தின முதியோரிடம் காரணத்தைக் கேட்டிருக்கிறோமா?
2. நம் சபையின் திருவிருந்தில் விழுங்கமுடியாதவருக்கு இடம் உண்டா?
3. எலியாவிடம் தூதன் இரண்டாந்தரம் வந்தான். நாம் யாரிடம் இரண்டாந்தரம் போகவேண்டும்?

ஜெபம்: இரக்கமுள்ள பிதாவே, விழுங்கவும் பேசவும் பெலனற்ற உமது பிள்ளைகளைத் தாங்கும். அவர்களுக்கு ஊட்டுகிற கரங்களுக்குப் பொறுமையைத் தாரும். எங்கள் அவசரத்தை எங்களைவிட்டு நீக்கும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம். ஆமென்.

கிறிஸ்துவின் பணியில்,
மருத்துவமனைப் போதகர்