நகம் பதிந்தால் புலியா?

மழை விட்ட மறுநாள் என் கைபேசிக்கு ஒரு படம் வந்துவிடும். ஈர மண்ணில் கால்தடம், விரல்களுக்கு முன்னால் கூரான நகக்குறிகள். "நகம் எவ்வளவு ஆழமாப் பதிஞ்சிருக்கு பாருங்க சார், புலியேதான்!" என்று கூடவே குரல் பதிவு. அதற்குள் அந்தப் படம் நாலு ஊர் சுற்றியிருக்கும். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பப் பயந்து வீட்டில் வைத்திருப்பார்கள். எத்தனை முறைதான் சொல்வது? நகம் அவ்வளவு தெளிவாகப் பதிந்திருந்தால், அது புலி இல்லை என்பதற்கு அதுவே முதல் சாட்சி.

நடக்கும்போது புலி நகத்தை நீட்டுவதில்லை. விரலின் கடைசி எலும்பு மேல்நோக்கிப் பின்னால் மடங்கி, நகத்தைத் தோலுறைக்குள் தூக்கி வைத்திருக்கிறது. ரப்பர் போல இழுபடும் நார்கள் அதை அப்படியே பிடித்துக்கொள்கின்றன. இதற்குப் புலி எந்தச் சிரமமும் படுவதில்லை. இரையைப் பற்றும்போதும் மரத்தைக் கீறும்போதும்தான் தசைகள் சுருங்கி நகத்தை வெளியே தள்ளும். வளைவோடு அளந்தால் 10 சென்டிமீட்டர் வரை வரும் அந்த நகத்தைத் தரையில் தேய்த்துக்கொண்டே திரிந்தால், கடமானைப் பிடிக்கக் கூர் எங்கே மிஞ்சும்? நாயின் நகம் இப்படி உள்ளே போகாது. நடக்க நடக்க மண்ணைத் தொடும், மழுங்கும். சேற்றில் வழுக்கினாலோ பாய்ந்தாலோ புலி நகமும் எப்போதாவது பதியும். அப்போது தடமே இழுபட்டுக் கிடக்கும்.

நகத்தை விடுங்கள், பாதத்தின் நடு மெத்தையைப் பாருங்கள். பூனை இனத்துக்கு அதன் பின்விளிம்பு மூன்று மடிப்பாக இருக்கும். நான்கு விரல்களில் ஒன்று மற்றவற்றைவிட முந்தி நிற்கும். நாய்க்கோ நடு விரல்கள் இரண்டும் சமமாக முன்னே நிற்கும். முன்காலின் ஐந்தாவது விரலைத் தேடாதீர்கள். அது மேலே இருப்பதால் தரையில் படாது.

புலி நகத்தில் விஷம் கிடையாது. அதில் ஒட்டிய இறைச்சித் துணுக்கும் கிருமியும் காயத்தைச் சீழ்பிடிக்க வைக்கும், அவ்வளவுதான். கீறல் பட்டால் மந்திரிக்கப் போகாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். புலிநக டாலர் போட்டால் தைரியம் வராது, வழக்குதான் வரும். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைத் தடை செய்கிறது. கால்தடத்தை வைத்துப் புலியை எண்ணுகிறார்கள் என்பதும் பழைய கதை. 2006 முதல் தேசியக் கணக்கெடுப்பு தானியங்கி கேமராவில் பதியும் உடல் வரிகளை நம்பி நடக்கிறது.

எனக்கு வரும் படங்களில் பெரும்பாலானவை ஊர் நாயின் தடம். புலி வந்ததோ என்று நடுங்குகிறவர்கள், அந்த நாய் காட்டுக்குள் போய்வருவதைக் கண்டுகொள்வதே இல்லை. 2018இல் கிர் காட்டில் 20க்கும் மேற்பட்ட சிங்கங்கள் இறந்தபோது, நாய்களைத் தாக்கும் டிஸ்டெம்பர் வைரஸ் அவற்றில் உறுதியானது. ரஷ்யாவின் தூரக்கிழக்கில் புலிகளும் அதே நோயால் இறந்திருக்கின்றன. காட்டோரத்தில் நாய் வளர்ப்பவர்கள் வெறிநாய்த் தடுப்பூசியோடு டிஸ்டெம்பர் ஊசியையும் கேட்டுப் போடுங்கள். இரவில் நாயைக் கட்டிவையுங்கள்.