ஹெவி லைசென்ஸா, ஹசார்டஸ் சான்றிதழா: எதற்குச் செலவழிக்கலாம்?

லாரித் தொழிலில் இறங்க நினைக்கும் பையனிடம் அந்த கோர்ஸ் படி, இந்த சர்டிபிகேட் எடு என்று சொல்ல ஆள் நிறைய உண்டு. அதை எடுத்தால் எந்த லோடு கிடைக்கும் என்று சொல்பவர்கள்தான் குறைவு. பணம் கட்டும் முன் கேட்க வேண்டியது அந்த ஒரு கேள்வியைத்தான்.

கையில் கார் ஓட்டும் எல்எம்வி லைசென்ஸ் மட்டும் இருக்கிறது என்றால், முதலில் ஒரு செலவைத் தவிர்க்கலாம். வண்டியும் சரக்கும் சேர்ந்த மொத்த எடை 7,500 கிலோவைத் தாண்டாத சரக்கு வாகனத்தை ஓட்ட அந்த லைசென்ஸே போதும், தனியாக டிரான்ஸ்போர்ட் அனுமதி தேவையில்லை என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. குட்டியானை, பிக்கப் போன்றவை இதில் அடங்கும். அதற்கென்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். ஆனால் அபாயகரமான சரக்குக்கு இந்தச் சலுகை கிடையாது. வண்டி சின்னதாக இருந்தாலும் அதற்குத் தனித் தகுதி வேண்டும்.

ஹெவி லைசென்ஸ் இதைவிடப் பெரிய முதலீடு. 20 வயது நிரம்பியிருக்க வேண்டும், எல்எம்வி லைசென்ஸ் எடுத்து ஓராண்டு ஆகியிருக்க வேண்டும். எட்டாம் வகுப்புப் படித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை 2019இல் நீக்கப்பட்டுவிட்டது. அரசுக் கட்டணம் பெரிய தொகையல்ல. பயிற்சிப் பள்ளிக்குக் கட்டுவதுதான் கையைக் கடிக்கும். அதையும் மிஞ்சுவது வேலைக்குப் போகாத நாட்கள். விதிப்படி பயிற்சி குறைந்தது 30 நாள். தினம் 600 ரூபாய் சம்பாதிப்பவர் என்று வைத்துக்கொண்டால், அதுவே 18,000 ரூபாய் இழப்பு. பள்ளிக் கட்டணத்தையும் இதையும் கூட்டி, ஹெவி வண்டிக்கு மாறினால் மாதம் எவ்வளவு கூடுதலாக வரும் என்பதால் வகுத்துப் பாருங்கள். போட்ட பணம் எத்தனை மாதத்தில் திரும்பும் என்பது தெரிந்துவிடும்.

அந்த 30 நாளில் ஸ்டியரிங்கைப் பிடித்து ஓட்டும் நேரம் குறைந்தது 15 மணி நேரம் இருக்க வேண்டும் என்பதும் விதி. 'என் கையில் வண்டி எத்தனை மணி நேரம் இருக்கும், லோடு ஏற்றிய வண்டியா காலி வண்டியா?' என்று சேரும் முன்பே கேளுங்கள். மைதானத்தைச் சுற்றவைத்து அனுப்பும் பள்ளியில் மிச்சப்படும் பணம், முதல் மலைப்பாதையிலேயே வேறு வழியில் போய்விடும். நாமக்கல்லில் அசோக் லேலண்ட் நடத்தும் பயிற்சி நிலையம், கும்மிடிப்பூண்டியில் ஐஆர்டி மையம் போன்ற இடங்களுக்குக் கொஞ்சம் தூரம் போனாலும் நல்லது என்பது என் கருத்து.

ஹெவி லைசென்ஸ் கைக்கு வந்தபின் எடுக்கக்கூடியவற்றில், செலவுக்கு அதிகப் பலன் தருவது அபாயகரமான சரக்குக்கான சான்றிதழ்தான். மத்திய மோட்டார் வாகன விதிகளின் 9ஆம் விதி இதைக் கேட்கிறது. பயிற்சி மூன்றே நாள். பெட்ரோல், டீசல், எல்பிஜி, அமிலம் ஏற்றும் வண்டிகளை இது இல்லாமல் ஓட்ட முடியாது. விபத்து நடந்து ஓட்டுநரிடம் உரிய தகுதி இல்லை என்று தெரிந்தால், இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு அதை வண்டி உரிமையாளரிடமிருந்து வசூலிக்கக் காப்பீட்டு நிறுவனம் வழி தேடும். அதனால் உரிமையாளரே இதைக் கட்டாயம் கேட்பார்.

ஒரு தடை உண்டு. இந்திய மொழி ஒன்றோடு ஆங்கிலமும் எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். இதைப் பார்த்துப் பின்வாங்குபவர்களுக்குச் சொல்வேன்: பணம் கட்டும் முன் இரண்டு மாதம் வீட்டிலேயே பிள்ளைகளிடம் கற்றுக்கொள்ளுங்கள், அவமானம் எதுவும் இல்லை. டேங்கரின் எச்சரிக்கைப் பலகையில் எழுதியிருக்கும் 1075 என்ற எண் எல்பிஜியையும் 1203 பெட்ரோலையும் குறிக்கும். அந்தப் பலகையில் இருப்பதையும், கேபினில் வைத்திருக்கும் அவசரகாலக் குறிப்பையும் படிக்கத் தெரிவது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். 2025 ஜனவரி 3 அன்று கோவை அவிநாசி சாலை மேம்பாலத்தில் கேஸ் டேங்கர் கவிழ்ந்து கசிந்தபோது, தீயணைப்பு வீரர்கள் மணிக்கணக்காகத் தண்ணீர் பீய்ச்சினார்கள், சுற்றியிருந்த பள்ளிகளுக்கு விடுமுறை விடப்பட்டது. உயிர்ச்சேதம் இல்லை. 2012இல் கண்ணூர் சாலாவில் நடந்த டேங்கர் விபத்து அப்படி முடியவில்லை. அந்த மூன்று நாள் வகுப்பில் தூங்கிவிட்டுக் காகிதத்தை மட்டும் வாங்கி வருபவரை நான் மன்னிக்கமாட்டேன்.

எல்லோருக்கும் இது லாபம் என்று சொல்லவில்லை. நாமக்கல், சங்ககிரி, எண்ணூர், மணலி போன்ற இடங்களுக்கு அருகில் இருந்தால் டேங்கர் வேலை கேட்க இடம் இருக்கிறது. அப்படி எதுவும் பக்கத்தில் இல்லாமல் காய்கறி லோடே ஓட்டப் போகிறவருக்கு இது பையில் கிடக்கும் காகிதம். லாஜிஸ்டிக்ஸ் டிப்ளமோ வேறு ரகம்: அது அலுவலக மேசை வேலைக்கு, ஸ்டியரிங் பிடிக்க அது உதவாது.

காலக்கெடுவையும் செலவில் சேருங்கள். டிரான்ஸ்போர்ட் லைசென்ஸ் ஐந்தாண்டு செல்லும், புதுப்பிக்கும்போது மருத்துவச் சான்று வேண்டும். அபாயகரமான சரக்குக்கான அனுமதி 2019 திருத்தத்துக்குப் பின் மூன்றாண்டு, முன்பு ஓராண்டுதான். பயிற்சி மையம் தரும் சான்றிதழோடு வேலை முடிந்துவிடாது. அதை ஆர்டிஓ அலுவலகத்தில் கொடுத்து, லைசென்ஸில் பதிவு ஏற வேண்டும். 'சாரதி' தளத்தில் உங்கள் லைசென்ஸ் எண்ணைப் போட்டு, பதிவு ஏறிவிட்டதா என்று பார்த்த பிறகே டேங்கர் உரிமையாளரிடம் வேலை கேட்கப் போங்கள்.