வீடு கட்ட வந்த கைகள்: வடமராட்சிக் கரை நமக்குச் சொல்லும் பாடம்



மலையில் மண் சரிந்தால் லயம் போகிறது. கரையில் கடல் பொங்கினால் மீனவர் வீடு போகிறது. வீடு போன பிறகு உதவி செய்யப் பலர் வருவாங்க. அப்படி வருபவர்களோடு நாம் எப்படிச் சேர்ந்து நிற்பது, அவர்களிடம் எதைக் கேட்பது என்பதே இந்த இதழின் பாடம். 2025 நவம்பரில் டித்வா புயல் அடித்த பிறகு மலையகத்தில் பல வீடுகளில் இந்தக் கேள்வி இருக்கிறது. இதே கேள்வியை நமக்கு முன்னே சந்தித்தவர்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிழக்குக் கரை மக்கள்.

கரையில் நடந்தது

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, நத்தாருக்கு மறுநாள். சுமாத்திரா தீவுக்கு அருகே கடலடியில் பூமி அதிர்ந்தது. அதனால் எழுந்த சுனாமி இரண்டு மணித்தியாலம் அளவில் இலங்கையின் கிழக்குக் கரையை அடித்தது. நாடு முழுவதும் 30,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். குடாநாட்டில் மணற்காடு, தாளையடி, ஆழியவளை, உடுத்துறை போன்ற வடமராட்சிக் கரையோர ஊர்கள் அழிந்தன. உடுத்துறையில் இறந்தவர்களுக்கு நினைவாலயம் உண்டு.

இந்தக் கரையில் கத்தோலிக்கரும் சைவரும் அக்கம்பக்கமாக வாழ்கிறார்கள். அலை சிலுவையையும் பார்க்கவில்லை, திருநீற்றையும் பார்க்கவில்லை. உதவிக்கு ஓடியவர்களில் கிறிஸ்தவத் தொண்டர்களும் இருந்தார்கள். யாழ் மறைமாவட்டத்தின் கியூடெக் நிறுவனம் அவர்களில் முக்கியமானது. அது உலகக் கரித்தாஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. குருமார், அருட்சகோதரிகள், இளைஞர்கள் என்று பலரும் சேர்ந்தார்கள். முதலில் சோறும் உடுப்பும், பிறகு தற்காலிகக் கொட்டில், அதற்குப் பிறகுதான் கல்வீடு. இந்த வேலையிலிருந்து நாம் நான்கு பாடம் படிக்கலாம்.

1. முதலில் நிலம், பிறகு சுவர்

சுனாமிக்குப் பிறகு அரசாங்கம் கடலோரத்தில் கட்டத் தடை போட்டது. தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர். பின்னர் அது தளர்த்தப்பட்டது. ஆனால் அதற்குள் எங்கே கட்டுவது என்பதே பெரிய சிக்கலாகிவிட்டது. சீமெந்தும் ஆட்களும் ஆயத்தம், காணி இல்லை. கடலை விட்டுத் தூரப் போனால் வள்ளத்தையும் வலையையும் யார் பார்ப்பது? மீனவருக்கு வீடும் தொழிலும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும்.

நமக்கும் அப்படித்தான். கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 அக்டோபர் 29 அன்று மண் சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று முன்பே எச்சரிக்கை இருந்தது. மாற்று இடம்தான் நேரத்துக்குக் கிடைக்கவில்லை. மக்கள்தெனியவில் 75 வீடுகள் கையளிக்கப்பட 2016 அக்டோபர் ஆகிவிட்டது. ஆகவே யார் வீடு கட்டித் தருகிறோம் என்று வந்தாலும் முதல் கேள்வி இதுதான்: தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இந்த மண்ணைப் பார்த்துச் சரி சொல்லியிருக்கிறதா? இரண்டாவது கேள்வி: காணி உறுதி யார் பெயரில்?

2. கட்டுகிற இடத்தில் நாமும் நிற்க வேண்டும்

சுனாமியில் முழுதாக இடிந்த வீட்டைச் சொந்தக் காணியில் கட்டுவோருக்கு அரசாங்கம் 2,50,000 ரூபாய் தந்தது. ஒரே தடவையில் அல்ல, வேலை ஏற ஏறக் கட்டம் கட்டமாக. இதில் அத்திவாரத்தின் ஆழத்தையும் சீமெந்துக் கலவையையும் வீட்டுக்காரரே பார்த்துக்கொள்ள முடிந்தது. 1976இல் அமெரிக்காவில் கிறிஸ்தவர்கள் தொடங்கிய ஹபிடட் நிறுவனமும் இதையே வழக்கமாக வைத்திருக்கிறது. தொண்டர்கள் கல் சுமக்கும்போது வீட்டுக்காரரும் கூடச் சுமக்க வேண்டும். நம்ம தோட்டத்துச் சிரமதானமும் இதே வழிதான். வேர்வை சிந்தியவருக்குத்தான் வீட்டின் எந்த மூலை ஒழுகும் என்று தெரியும்.

3. உதவிக்கு மதம் விலையல்ல

செஞ்சிலுவை இயக்கமும் தொண்டு நிறுவனங்களும் 1994இல் ஒரு நடத்தைக் கோவையை வெளியிட்டன. அதை உருவாக்கியவர்களில் கரித்தாஸும் உலகத் திருச்சபைகள் மன்றமும் உண்டு. தேவையைப் பார்த்துத்தான் உதவ வேண்டும், உதவியைக் காட்டி மதத்தையோ அரசியலையோ பரப்பக் கூடாது என்பது அதன் சாரம். ஆகவே, கோயிலுக்குப் போகிறாயா, வேதத்துக்கு வருகிறாயா என்று கேட்டுவிட்டுத் தகரம் கொடுத்தால், அது அந்தச் சபைகளே ஏற்றுக்கொண்ட விதிக்கு விரோதம். பணிவாக மறுத்துப் பேசலாம். அதே சமயம், சிலுவை அணிந்து வருகிறார் என்பதற்காக எல்லாரையும் சந்தேகப்படுவதும் நியாயமல்ல. தன் சாமியைக் கும்பிட்டுவிட்டு நம்ம சுவரைக் கட்டிவிட்டுப் போகிறவர் நமக்கு நல்ல விருந்தாளி.

4. தொண்டர் போனாலும் கணக்கு இருக்க வேண்டும்

வடக்கில் வேலை முடிய முன்பே யுத்தம் திரும்பியது. 2006 ஆகஸ்டில் ஏ-9 பாதை மூடப்பட்டது. சீமெந்தும் இரும்பும் வருவது தடைப்பட்டது. வடமராட்சி கிழக்கு மக்கள் மறுபடியும் இடம்பெயர்ந்தார்கள். 2009இல் யுத்தம் முடிந்து ஊர் திரும்பியவர்கள் இரண்டாம் தடவையாக வீடு கட்ட வேண்டியிருந்தது. இந்திய வீட்டுத் திட்டத்தில் வடக்குக் கிழக்குக்கு 46,000 வீடுகள் ஒதுக்கப்பட்டபோது பலர் அதற்கு மனுப் போட்டார்கள். அப்படி மனுப் போடும் நேரத்தில் காணிப் பத்திரமும் சேதப் பதிவும் கையில் இருக்கிறவருக்கு அலைச்சல் குறைவு.

தொண்டர்கள் என்றைக்கும் நம்மோடு இருக்க முடியாது. அதனால் கிராம அலுவலர் கொடுத்த கடிதம், சேத மதிப்பீடு, வாங்கிய பொருளின் பட்டியல், ஒப்பந்தப் பிரதி எல்லாவற்றையும் ஒரு பொலித்தீன் பையில் போட்டு, மழை வந்தால் தூக்கிக்கொண்டு ஓடக்கூடிய இடத்தில் வையுங்கள். தகப்பன் பெயரில் மட்டுமல்ல, தாயின் பெயரையும் உறுதியில் சேர்க்கக் கேளுங்கள். கொழுந்து பறித்து வீட்டை நடத்துகிறவள் அவள்தானே.

கூடிப் பேசுவதற்கு

1. நம்ம டிவிசனில் மண் சரியக்கூடிய இடம் எது? யாரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறோம்?
2. நாளைக்கே ஒரு தொண்டர் குழு வந்தால் நம்ம லயத்தின் சார்பாகப் பேச யாரை அனுப்புவோம்? அதில் பெண்கள் எத்தனை பேர்?
3. வேலைக்கு நாம் எத்தனை ஆள் நாள் கொடுக்க முடியும்?

இந்த மூன்றுக்கும் பதிலை எழுதி, மாதர் சங்கக் கூட்டத்திலோ கோயில் கமிட்டியிலோ வாசியுங்கள். மழைக்காலம் வருவதற்கு முன் வாசிப்பது நல்லது.