பட்டும் பயறும்

நுழையும்முன்

கொதிநீரில் இட்டு எடுத்த பட்டு முன்னினும் மெருகு பெறுகிறது; வறுசட்டியில் இட்டு எடுத்த பயறோ முளைக்கும் ஆற்றலை இழக்கிறது. இரண்டிலும் இருப்பது புரதம். ஒன்றைப் பொலிவுறச் செய்யும் வெப்பம் மற்றொன்றை மாய்ப்பது ஏன்? உயிர்ப்பொருள்களின் வேதியியலுக்குள் செல்ல இவ்வினாவே போதிய வாயிலாகும்.

காஞ்சிபுரத்திலிருந்து வேலூர் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், பாலுசெட்டிச்சத்திரத்தை அடுத்து அமைந்துள்ளது திருப்புட்குழி. புள் என்பது பறவை. புள், குழி ஆகிய இரு சொற்களும் புணர, ளகரம் டகரமாகத் திரிந்து புட்குழி ஆயிற்று. சீதையைக் காக்கப் போரிட்டு வீழ்ந்த சடாயுவுக்கு இராமன் இறுதிக்கடன் ஆற்றிய இடம் இதுவே என்பது தலவரலாறு. விசயராகவப் பெருமாள் கோவிலின் திருக்குளம் சடாயு தீர்த்தம் என்றே வழங்கப்படுகிறது. திருமங்கையாழ்வார் பாடிய இத்தலம் 108 வைணவத் திருப்பதிகளுள் ஒன்று. இராமாநுசர் இளமையில் யாதவப்பிரகாசரிடம் பாடம் கேட்ட ஊர் என்றும் வைணவ மரபு இதனைப் போற்றுகிறது.

இத்தலத்துத் தாயாரின் பெயர் மரகதவல்லி. மகப்பேறு வேண்டும் பெண்கள் வறுத்த பயற்றை மடியில் கட்டிக்கொண்டு இரவு உறங்குவர்; விடியலில் அது முளைவிட்டிருந்தால் வேண்டுதல் பலிக்கும் என்பது இங்கு நிலவும் நம்பிக்கை. இந்நம்பிக்கை ஓர் உறுதியான பட்டறிவின்மேல் நிற்கிறது. வறுத்த வித்து முளைக்காது என்பதை ஐயமற அறிந்த மக்களே, அது முளைப்பதை அருளின் அடையாளமாகக் கொள்ள முடியும். நம் நாட்டுத் தத்துவ நூல்களும் பயன்தராது அழிந்த வினைக்கு வறுத்த வித்தினை உவமை கூறும். நம்பிக்கையை அதற்குரிய இடத்தில் விட்டுவிட்டு, அறிவியல் வேறொரு வினாவை எழுப்புகிறது. இளவறுவலாக வறுத்த பயற்றிலிருந்து நீரைத் தவிர வேறு எதுவும் பெரிதாக வெளியேறுவதில்லை. அந்த நீரை மீண்டும் ஊட்டினாலும் வித்து உயிர்பெறுவதில்லை. அவ்வாறாயின் அது இழந்ததுதான் யாது?

எரியும் இழை

விடையைத் தேட, இப்பகுதியின் புகழ்பெற்ற தொழிலாகிய பட்டு நெசவின் பக்கம் செல்வோம். நூல் உண்மையான பட்டுதானா என்று அறியத் துணி வணிகர் ஓர் எளிய சோதனை செய்வர். இழையொன்றைப் பிரித்துத் தீயில் காட்டுவர். மயிர் பொசுங்கும் நாற்றம் எழுந்து, கரி விரலிடையில் நொறுங்கினால் அது பட்டு. காகிதம் எரியும் மணம் வந்தால் அது பருத்தி. உருகி மணிபோல் இறுகினால் அது செயற்கை இழை.

இச்சோதனை உயிர்வேதியியலின் முதற்பாடமே. பருத்தி என்பது செல்லுலோஸ்; கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் ஆகிய மூன்று தனிமங்களால் ஆன சர்க்கரைத் தொடர். பட்டு என்பது புரதம். அதில் நான்காவதாக நைட்ரஜனும் உள்ளது. மயிரும் நகமும் புரதமே ஆதலால் அவை பொசுங்கும் நாற்றமும் பட்டின் நாற்றமும் ஒத்திருக்கின்றன. மனித உடலின் எடையில் ஏறத்தாழ 96 விழுக்காடு இந்நான்கு தனிமங்களால் ஆனது. பறவைக்கும் பயற்றுக்கும் புழுவுக்கும் முதன்மையான தனிமங்கள் இவையே.

உயிர்களுக்கென்று தனியான பொருள் ஏதுமில்லை என்பதை ஏற்க ஐரோப்பிய அறிஞர்கள் நெடுநாள் தயங்கினர். உயிரிகளில் தோன்றும் சேர்மங்களை ஆக்குவதற்கு 'உயிராற்றல்' ஒன்று வேண்டும் எனக் கருதினர். 1828ஆம் ஆண்டு செருமானிய வேதியியலாளர் பிரீட்ரிக் வோலர், கனிம உப்பொன்றிலிருந்து யூரியாவை ஆய்வகத்தில் உருவாக்கினார். சிறுநீரில் உள்ள அச்சேர்மம், சிறுநீரகத்தின் துணையின்றியே கண்ணாடிக் குடுவையில் தோன்றியது. பழைய கருத்து ஒரே நாளில் வீழ்ந்துவிடவில்லை எனினும் அதன் அடித்தளம் ஆட்டம்கண்டது. பொருள் ஒன்றே என்றால் வேறுபாடு அப்பொருளின் அடுக்கில் இருக்கவேண்டும்.

மணிகள் கோத்த மாலை

புரதத்தை மணிமாலைக்கு ஒப்பிடலாம். அமினோ அமிலம் என்னும் மணிகள் 20 வகைப்படும். ஒரு மணியின் அமிலத் தொகுதியும் அடுத்த மணியின் அமினோ தொகுதியும் சேரும்போது ஒரு நீர் மூலக்கூறு வெளியேற, இரண்டும் பெப்டைடு பிணைப்பால் இணைகின்றன. எந்த மணிக்கு அடுத்து எந்த மணி என்னும் வரிசை மாறினால் புரதமும் மாறும்.

மல்பெரி இலையை மட்டுமே தின்று, நான்கு முறை தோலுரித்து வளரும் பட்டுப்புழு, ஏறத்தாழ ஒரு திங்களுக்குள் கூடுகட்டும் பருவத்தை எய்துகிறது. அதன் உடலில் இரண்டு பட்டுச் சுரப்பிகள் உள்ளன. அவற்றினுள் பட்டு நூலாக இருப்பதில்லை. நீரில் கரைந்த, தேன்போல் பிசுபிசுப்பான நீர்மமாகவே இருக்கிறது. புழு தன் தலையை எட்டு என்னும் எண் வடிவில் அசைத்து அந்நீர்மத்தை இழுக்கும்போது, புரத மூலக்கூறுகள் நீண்டு, ஒன்றையொன்று ஒட்டி அடுக்கப்பெற்று, திண்ணிய இழையாகின்றன. உலையும் உயர்வெப்பமும் இன்றி, அறையின் வெப்பநிலையில், நீரைக் கரைப்பானாகக் கொண்டு நிகழும் இந்நூற்பு, செயற்கை இழை ஆலைகள் இன்றும் வியந்து பார்க்கும் நுட்பமாகும். ஒரு கூட்டில் அறுபடாது ஓடும் இழையின் நீளம் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் வரை இருக்கும்.

இவ்விழை ஒற்றைப் பொருளன்று. ஃபைப்ராயின் என்னும் புரதத்தாலான இரு நுண்ணிழைகளை, செரிசின் என்னும் மற்றொரு புரதம் பசைபோல் போர்த்தியிருக்கிறது. கச்சாப்பட்டு விறைப்பாகவும் மங்கலாகவும் தோன்றுவதற்கு இப்பசையே காரணம். எனவே சாயமிடுவதற்கு முன் பட்டைச் சவர்க்காரமும் சலவைச் சோடாவும் கலந்த கொதிநீரில் இட்டுப் பசையை நீக்குவர். எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கரைந்துபோகும். விலையுயர்ந்த பட்டில் இவ்வளவு குறைவது இழப்பாகத் தோன்றலாம். ஆயினும் எஞ்சும் ஃபைப்ராயினில்தான் மென்மையும் பளபளப்பும் உள்ளன. அதன் அமினோ தொகுதிகளே சாயத்தைப் பற்றுகின்றன. சாயத்தொட்டியில் சிறிது அமிலம் சேர்ப்பது அத்தொகுதிகள் நேர்மின்னேற்றம் பெற்று, எதிர்மின்னேற்றமுடைய சாயத்தை ஈர்த்துக்கொள்வதற்காகும்.

ஒரே கொதிநீரில் ஒரு புரதம் கரைகிறது, மற்றொன்று நிலைக்கிறது. காரணம் மணிகளின் வரிசையில் இருக்கிறது. செரிசினில் நீரை விரும்பும் செரீன் என்னும் அமினோ அமிலம் மிகுதி. ஃபைப்ராயினிலோ கிளைசின், அலனைன் என்னும் மிகச் சிறிய மணிகள் மிகுதி. அதன் நீண்ட பகுதிகளில் ஒன்றுவிட்டு ஒன்றாகக் கிளைசின் அமைந்துள்ளது. பக்கக்கிளைகள் பருத்திராமையால், நீட்டிய தொடர்கள் மடிப்புத் தாள்போல் ஒன்றன்மேல் ஒன்று நெருங்கிப் படிகின்றன. தொடருக்கும் தொடருக்கும் இடையே எண்ணற்ற ஹைட்ரஜன் பிணைப்புகள் உள்ளன. தனித்து நோக்கின் வலுவற்ற அப்பிணைப்புகள் கூடிநின்று, நீர் நுழைய இடமின்றி இறுகிவிடுகின்றன.

தெரிந்து தெளிவோம்

அறுவை மருத்துவத்தில் தையலிடப் பயன்படும் பட்டிழையும் பசை நீக்கப்பட்டதே. உடல், ஃபைப்ராயினைப் பெரும்பாலும் பொறுத்துக்கொள்கிறது. செரிசின் எஞ்சியிருப்பின் ஒவ்வாமை நேரலாம்.

சென்னையில் வரைந்த படம்

புரதத் தொடர் எவ்வாறெல்லாம் வளையலாம், எவ்வாறு வளைய இயலாது என்பதற்கு விதி கண்டவர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் பணியாற்றிய இயற்பியலாளர் கோ. நா. இராமச்சந்திரன். 1952ஆம் ஆண்டு அங்கு இயற்பியல் துறையின் பொறுப்பேற்ற அவர், தோலிலும் தசைநாணிலும் எலும்பிலும் உள்ள கொல்லாஜன் என்னும் புரதத்தை ஆராயத் தொடங்கினார். ஆய்வுக்குரிய பொருள் அருகிலேயே இருந்த மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து கிடைத்தது. 1954இல் அவரும் கோபிநாத் கர்த்தாவும் கொல்லாஜன் மூன்று தொடர்கள் முறுக்கிய கயிறு போன்றது என்னும் கருத்தை வெளியிட்டனர். அக்கயிற்றில் மூன்றாவது மணி ஒவ்வொன்றும் கிளைசினாக இருக்கிறது. கயிற்றின் உட்புறத்தில் வேறெந்த மணிக்கும் இடமில்லை. ஒன்றுவிட்டு ஒன்றாகக் கிளைசின் வந்தால் மடிப்புத் தாளாகிய பட்டு. மூன்றுக்கு ஒன்றாக வந்தால் முப்புரிக் கயிறாகிய தோல்.

இம்மாதிரியில் அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கியுள்ளன என்று எதிர்ப்பு எழுந்தது. அணுக்கள் உண்மையில் எவ்வளவுதான் நெருங்கலாம் என்று இராமச்சந்திரன் திருப்பிக் கேட்டார். எதிர்ப்புக்கு மறுமொழி தேடப் புறப்பட்ட முயற்சி, அனைத்துப் புரதங்களுக்கும் பொதுவான விதியாக முடிந்தது. பெப்டைடு பிணைப்பு எளிதில் திரும்பாது. அதன் இருமருங்கிலும் உள்ள பிணைப்புகளே திரும்பவல்லன. ஆகவே ஒவ்வொரு மணிக்கும் இரண்டு கோணங்கள் தெரிந்தால் தொடரின் வளைவு தெரிந்துவிடும். அணுக்கள் மோதாத கோணங்களை மட்டும் குறித்துக் காட்டும் வரைபடத்தை அவர், ச. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோருடன் 1963இல் வெளியிட்டார். இராமச்சந்திரன் வரைபடம் என்று உலகெங்கும் வழங்கும் அப்படம், புதிதாகக் கண்டறியப்படும் புரத வடிவம் சரியானதா எனச் சோதிக்க இன்றும் பயன்படுகிறது. இன்று வரையப்படும் முறையில் அதன் இடது மேற்பகுதியில் பட்டும் கொல்லாஜனும் அண்டை வீட்டாராக அமர்ந்திருக்கின்றன.

பயற்றினுள்

இனிப் பயற்றுக்குத் திரும்புவோம். பச்சைப்பயற்றின் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு புரதம். மாவுச்சத்து அதனினும் மிகுதி. நீர் புகுந்தவுடன் நொதிகள் செயல்படத் தொடங்குகின்றன. மாவுச்சத்தைச் சர்க்கரையாகவும் சேமிப்புப் புரதத்தை அமினோ அமிலங்களாகவும் அவை பிரித்து முளைக்கு ஊட்டுகின்றன. ஓரிரு நாளில் வேர் வெளிப்படுகிறது.

நொதி என்பது எவ்வகைப் பொருள் என்ற வினாவுக்கு விடை கிடைத்ததும் ஒரு பயற்றிலிருந்துதான். வாளவரை இனத்தைச் சேர்ந்த பயற்றிலிருந்து யூரியேஸ் என்னும் நொதியை 1926ஆம் ஆண்டு அமெரிக்க அறிஞர் ஜேம்ஸ் சம்னர் படிகமாகப் பிரித்தெடுத்தார். அப்படிகம் புரதம் என்று அவர் காட்டியதைப் பலர் நம்ப மறுத்தனர். 1946இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. வோலர் குடுவையில் ஆக்கிய யூரியாவைச் சிதைப்பதே யூரியேஸின் பணி.

நொதியின் வடிவம் பட்டின் வடிவத்தைப் போன்றதன்று. பட்டில் ஒரே வகை மடிப்பு மீண்டும் மீண்டும் வருகிறது. நொதியிலோ தொடர் பலவாறு வளைந்து உருண்டு, ஓரிடத்தில் சிறு குழி ஒன்றை அமைக்கிறது. பூட்டின் துளைக்குள் திறவுகோல் பொருந்துவதுபோல் வினைபடு பொருள் அக்குழியில் பொருந்தவேண்டும். அவ்வுருண்டையைத் தாங்குவனவும் வலுவற்ற பிணைப்புகளே. வெப்பம் ஏற ஏற அவை அறுகின்றன, தொடர் அவிழ்கிறது, அவிழ்ந்த தொடர்கள் தாறுமாறாக ஒட்டிக்கொள்கின்றன. முட்டையின் வெண்கரு வெந்து இறுகுவது இவ்வாறுதான். இதனை இயல்பிழத்தல் என்பர். இந்நிலையில் பெப்டைடு பிணைப்பு அறுவதில்லை. மணியின் வரிசையும் மாறுவதில்லை. குழி மட்டும் இல்லாமற்போகிறது. செல்லைச் சூழ்ந்த மென்படலமும் சிதைகிறது. ஊறிய வித்து உலர்ந்த வித்தைவிடக் குறைந்த வெப்பத்திலேயே மடிவதற்கும், தொடர் அசைந்து அவிழ நீர் இடமளிப்பதே காரணம். புழுங்கல் அரிசிக்காக அவித்த நெல்லை எந்த உழவரும் நாற்றங்காலில் தெளிப்பதில்லை.

வறுத்த பயறு இழந்தது பொருளை அன்று, வடிவத்தை. வித்துக்குக் கேடான இம்மாற்றம் உண்பவருக்கு நன்மையாகிறது. அவிழ்ந்த புரதத்தை நம் குடலின் நொதிகள் எளிதாக வெட்டுகின்றன.

கூட்டுக்குள்

பட்டும் பயறும் வெப்பத்தின் முன் காட்டும் இருவேறு இயல்புகளும் ஒருங்கே வெளிப்படும் இடம் ஒன்று உண்டு. அது பட்டுக்கூடு. கூட்டினுள் புழு, கூட்டுப்புழுவாக மாறிச் சில நாள்கள் உறங்கியிருக்கும். அது அந்துப்பூச்சியாகி வெளியேறினால் கூடு துளைபட்டு, நீண்ட இழை கிடைக்காமற்போகும். ஆதலின் அதற்கு முன்பே கூடுகளை நீராவியிலோ வெப்பக்காற்றிலோ வாட்டுவர். உள்ளிருக்கும் உயிரின் நொதிகள் அனைத்தும் வறுத்த பயற்றின் நொதிகளைப் போல் அவிழ்ந்துபோகின்றன. அதைச் சுற்றியிருக்கும் ஃபைப்ராயினுக்கோ யாதொரு தீங்கும் நேர்வதில்லை. ஒரே புழு ஆக்கிய இருவகைப் புரதங்களுள் ஒன்று மடிய, மற்றொன்று தறியேறுகிறது. பட்டாடையின் அழகைப் பேசும்போது இவ்வுயிரிழப்பைச் சொல்லாது விடுவது முறையாகாது.

எல்லாக் கூடுகளும் வாட்டப்படுவதில்லை. அடுத்த தலைமுறைக்கெனச் சில விதைக்கூடுகளை வெப்பம் படாமல் காப்பர். அவற்றில் உருப்பெறும் அந்துப்பூச்சி வாய்ப்பகுதியிலிருந்து கொக்கூனேஸ் என்னும் நொதியைக் கசியவிடுகிறது. அந்நொதி செரிசினைச் செரிக்கிறது; ஃபைப்ராயினைத் தீண்டுவதில்லை. பசை நெகிழ்ந்த இழைகளைத் தலையால் விலக்கிக்கொண்டு பூச்சி வெளிவருகிறது. கொதிநீரும் சவர்க்காரமும் சோடாவும் கொண்டு தொழிலாளர் செய்யும் பசை நீக்கத்தை, சுற்றுப்புறக் காற்றின் வெப்பநிலையிலேயே ஒரு துளி நொதியால் அது முடித்துவிடுகிறது. வெளிவந்தபின் அது எதையும் உண்பதில்லை. இணைசேர்ந்து, சில நூறு முட்டைகளை இட்டு, சில நாள்களில் மடிகிறது.