பாரிஸில் மூன்று ராத்திரி: அறை பிடிப்போர் நம்பும் சில சங்கதிகள்

லண்டனில் உறவினர் வீட்டுக்குப் போகிறவர்கள், அப்படியே யூரோஸ்டார் ரயிலேறி பாரிஸையும் மூன்று நாள் பார்த்துவிட்டு வருவது இப்போது சகஜமாகிவிட்டது. அங்கே தங்க இடம் பிடிப்பதில்தான் ஆளாளுக்கு ஒரு யோசனை சொல்வார்கள். அவற்றில் பாதி, பெரிய ஓட்டல்களில் தங்கிப் பழகியதால் வந்தவை. பெரிய ஓட்டலில் 304-ம் எண் அறையும் 504-ம் எண் அறையும் அச்சு அசலாக ஒன்றுபோல இருக்கும். பழைய குடியிருப்புக் கட்டடத்தை மாற்றியமைத்த இருபது, முப்பது அறை ஓட்டலில் ஒவ்வோர் அறையும் ஒரு தினுசு. அங்கே தேர்ந்தெடுக்க வேண்டியது ஓட்டலை அல்ல, அறையை.

“த்ரீ ஸ்டார் பாத்துப் போடு, ரூம் தாராளமா இருக்கும்.”

இருக்காது. பிரான்ஸின் நட்சத்திர விதிப்படி, ஒன்று, இரண்டு நட்சத்திர ஓட்டலில் இருவர் தங்கும் அறை, குளியலறை நீங்கலாக 9 சதுர மீட்டர் இருந்தாலே போதும். மூன்று நட்சத்திரத்துக்குக் குளியலறையையும் சேர்த்து 13.5 சதுர மீட்டர், அதாவது சுமார் 145 சதுர அடி. நான்கு நட்சத்திரத்துக்கே 16 சதுர மீட்டர்தான். இரண்டு பெரிய சூட்கேஸ்களை ஒரே நேரத்தில் திறந்து போட இடம் தேடுவீர்கள். நட்சத்திரம் அளப்பது பரப்பளவு, வரவேற்பு மேசையில் ஆள் இருக்கும் நேரம், அறையில் உள்ள சாதனங்கள் போன்ற எண்ணிச் சொல்லக்கூடிய விஷயங்களை. ஜன்னலைத் திறந்தால் எதிரே வானமா சுவரா என்பது அந்தக் கணக்கில் வராது. நட்சத்திரத்துக்கு விண்ணப்பிப்பதும் ஓட்டல்காரரின் விருப்பம்தான். ஆகவே நட்சத்திரமே இல்லாத ஓட்டலை மட்டம் என்று தள்ளிவிட வேண்டியதில்லை.

“மேல் மாடி கேளு, வியூ பிரமாதமா இருக்கும். அந்தக் குளிர்ல ஏசி எதுக்கு?”

காட்சி பிரமாதம்தான், மறுக்கவில்லை. சாம்பல் நிறத் துத்தநாகக் கூரைகள் அலையலையாகப் போகும். அந்தக் கூரை வேயும் கைத்தொழிலை யுனெஸ்கோ 2024-ல் மரபுச் செல்வமாக அறிவித்திருக்கிறது. ஜூலை மாதப் பகல் முழுக்க அந்தத் தகடு வாங்கி வைத்த வெயிலை, ராத்திரி அதன் அடியில் படுக்கிறவர்தான் அனுபவிக்க வேண்டும். 2019 ஜூலை 25 அன்று பாரிஸில் 42.6 டிகிரி செல்சியஸ் பதிவானது. சென்னைக்காரர் அதைத் தாங்குவார் என்றால், சென்னையில் தலைக்கு மேல் மின்விசிறி ஓடுகிறது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். பாரிஸ் அறைகளில் பெரும்பாலும் அதுவும் கிடையாது. பழைய கட்டடத்தின் தெருமுகப்பில் ஏசியின் வெளிப்பெட்டியை மாட்ட எளிதில் அனுமதியும் கிடைக்காது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை போகிறவர்கள் ஏசி உண்டா என்று கேட்காமல் பணம் கட்டக் கூடாது. மற்ற மாதங்களில் இந்தக் கவலை வேண்டாம்.

மேல் மாடி என்றதும் லிஃப்டும் நினைவுக்கு வர வேண்டும். இவை லிஃப்டுக்காகக் கட்டிய வீடுகள் அல்ல. படிக்கட்டின் நடுவே கிடைத்த இடுக்கில் பிற்பாடு நுழைத்தது. ஒரு பெட்டியும் ஓர் ஆளும் ஏறினால் நிறைந்துவிடும். சில ஓட்டல்களில் கடைசி மாடிக்கு அதுவும் போகாது. முட்டிவலி உள்ள அம்மாவோடு போகிறவருக்கு இந்த ஒரு கேள்வி நட்சத்திரங்களைவிடப் பெரியது.

“தெருவைப் பார்த்த ரூம்தான் நல்ல ரூம்.” வெளிச்சம் வேண்டுமென்றால் ஆமாம். தூக்கம் வேண்டுமென்றால் உள்முற்றத்தைப் பார்த்த அறை. அது கொஞ்சம் இருட்டாகத்தான் இருக்கும், ஆனால் கீழேயுள்ள மதுக்கடையின் பேச்சு காதில் விழாது.

“ஈஃபிள் டவர் பக்கத்துல தங்கினாதான் வசதி.” கோபுரம் எங்கும் போய்விடாது. பாரிஸ் நகரின் பரப்பு சுமார் 105 சதுர கிலோமீட்டர், சென்னை மாநகராட்சியில் கால்வாசி. இரண்டு மெட்ரோ தடங்கள் சந்திக்கும் நிலையம் நடக்கும் தூரத்தில் இருந்தால் போதும், கோபுரத்தை மாலையில் போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடலாம்.

“கார் து நோர் பக்கம் தலைவைத்தும் படுக்காதே.” வடக்கு ரயில் நிலையம் அது. திசையைப் பார்த்தே நம்மவர்கள் பயந்தார்களோ என்னவோ! பயத்தில் கொஞ்சம் நியாயம் உண்டு. ஜேப்படிக்காரர்கள் நடமாடும் இடம், நடுநிசியில் நிலைய வாசல் பார்க்க நன்றாக இருக்காது. ஆனால் யூரோஸ்டார் வந்து நிற்பது அங்கேதான். விமான நிலையத்திலிருந்து வரும் பி தட ரயிலும் நேராக அங்கேதான் வருகிறது. அதைவிட முக்கியம், நிலையத்தை ஒட்டி வடக்கே போனால் லாச்சப்பல். 1980-களிலிருந்து வந்து சேர்ந்த ஈழத்தமிழர்கள் உருவாக்கிய கடைத்தெரு. தோசை, இடியப்பம், கொத்துரொட்டி எல்லாம் கிடைக்கும். கிட்டத்தில் மாணிக்க விநாயகர் கோயிலும் இருக்கிறது. சைவ உணவு தவிர எதையும் தொடாத பெரியவர்களோடு போகிறவர்கள் இந்தப் பக்கத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பேன். நிலையத்துக்கு நேர் எதிரே எடுக்காமல், பத்து நிமிடம் தள்ளி எடுங்கள்.

“ஆகஸ்ட்ல ரேட் எகிறும்.” பாரிஸ்காரர்கள் ஊரைக் காலிசெய்துவிட்டு விடுமுறைக்குப் போகும் மாதம் அது. வியாபாரப் பயணிகளும் குறைவு. ஃபேஷன் வாரமும் வர்த்தகக் கண்காட்சிகளும் வருகிற செப்டம்பர், அக்டோபரில்தான் விலை கையைக் கடிக்கும்.

“முன்னாடியே பணம் கட்டினா சீப்.” ஷெங்கன் விசா பாஸ்போர்ட்டில் ஒட்டப்படும் வரை, திரும்பக் கிடைக்காத பணத்தைக் கட்டாதீர்கள். பிரிட்டன் விசா அங்கே செல்லாது.

“ஆப்ல காட்டறதுதான் கடைசி விலை.” இரண்டு விதத்தில் தவறு. ஒன்று, பெரியவர்களுக்குத் தலைக்கு, ராத்திரிக்கு இவ்வளவு என்று நகரத் தங்கல் வரி தனியாக வரலாம். 2024 ஜனவரியில் அதை மிகவும் உயர்த்திவிட்டார்கள், மூன்று நட்சத்திரத்தில் 5 யூரோவுக்கு மேல். 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கிடையாது. இரண்டாவது விஷயம் உங்களுக்குச் சாதகமானது. முன்பெல்லாம் முன்பதிவுத் தளத்தில் உள்ளதைவிடக் குறைத்து விற்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் ஓட்டல்காரரின் கையைக் கட்டி வைத்திருந்தார்கள். 2015 ஆகஸ்டில் வந்த பிரெஞ்சுச் சட்டம் அந்த நிபந்தனையைச் செல்லாததாக்கிவிட்டது. தளத்துக்குக் கொடுக்கும் கமிஷன் மிச்சமாவதால், நேரில் கேட்பவருக்குக் கொஞ்சம் குறைத்துத் தர அவருக்கு மனம் வரும். குறைக்காவிட்டாலும் காலை உணவைச் சேர்த்துத் தருவார். அந்த உணவு ரொட்டி, குவாசான், ஜாம், காபி அவ்வளவுதான், காசு கொடுத்து வாங்குவதற்குத் தெருமுனை பேக்கரியே மேல். குவாசானின் மேலே முட்டை பூசியிருப்பார்கள் என்பதைச் சைவர்கள் கவனிக்க.

தளத்தில் ஓட்டலைக் கண்டுபிடியுங்கள். பிறகு ஓட்டலுக்கே நாலு வரி மின்னஞ்சல் போடுங்கள், ஆங்கிலத்தில் எழுதினால் போதும். எத்தனையாம் மாடி, லிஃப்ட் அந்த மாடி வரை வருமா, தெருப் பக்கமா முற்றத்துப் பக்கமா, ஏசி உண்டா, கட்டில் 140 சென்டிமீட்டரா 160-ஆ. 140 என்றால் இருவர் ஒட்டித்தான் படுக்க வேண்டும். காலையில் போய்ச் சேருகிறவர்கள், மதியம் அறை தயாராகும் வரை பெட்டியை வைத்துக்கொள்வார்களா என்பதையும் கேட்டுவிடுங்கள். கேட்டதற்கெல்லாம் அறை எண்ணைக் குறிப்பிட்டே பதில் எழுதும் ஓட்டல்காரர் கிடைத்தால், பத்து யூரோ கூடுதலானாலும் அங்கேயே எடுத்துவிடலாம்.