சுமப்பவன் உங்கள் மகன்தான்

கேள்வி: மகன் கல்லூரியில் சேர்கிறான். படிப்புக்கும், எப்போதாவது கேம் ஆடவும் எந்த மாதிரி லேப்டாப் வாங்கலாம்? – ஒரு வாசகர், புழல்.

பதில்: ‘எப்போதாவது’ என்று சொன்னது அவனா, நீங்களா? போகட்டும். தனி கிராபிக்ஸ் கார்டு உள்ளவை பெரும்பாலும் இரண்டு கிலோவைத் தாண்டும். சார்ஜரே செங்கல் கனம். புழலிலிருந்து கூட்டமான பஸ்ஸில் சுமக்கப்போவது அவன்தான். வாலரன்ட், மைன்கிராஃப்ட் போன்றவற்றுக்கு இன்றைய பிராசஸரோடு சேர்ந்து வரும் கிராபிக்ஸே போதும். ஆனால் அது ராமிலிருந்துதான் இடம் எடுத்துக்கொள்ளும். அதனால் 16 ஜிபி வேண்டும். அதையும் 8 ஜிபியாக இரண்டு போட்டிருந்தால் கேம் இன்னும் சீராக ஓடும். எஸ்எஸ்டி 512 ஜிபி. ரிச்சி ஸ்ட்ரீட்டில் விலை கேட்கும்போதே, ராம் போர்டோடு பற்றவைத்ததா, பிறகு கூட்டிக்கொள்ளலாமா என்றும் கேட்டுவிடுங்கள். மெக்கானிக்கல், ஆர்க்கிடெக்சர் என்றால் கதை வேறு. 3டி மென்பொருளுக்குத் தனி கார்டு தேவைப்படலாம், கனத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.