காசு நிறைந்த பெட்டி

மக்களின் உள்ளத்தை எளிதிற் கவர்வது யாது? அருமையுடைய பொருளா, எளிமையுடைய பொருளா? இவ்வினாவிற்கு விடை காண, காசு இட்டவுடன் திரையில் ஒளிவடிவங்கள் தோன்றி ஆடும் விளையாட்டுப் பொறிகளின் வரலாறு துணைபுரியும். அப்பொறிகள் அமெரிக்க நாட்டிலே பிறந்தவை.

1962-ஆம் ஆண்டில், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், ஸ்டீவ் ரசல் என்பாரும் அவர்தம் தோழர்களும் 'ஸ்பேஸ்வார்' என்னும் விளையாட்டினைக் கணிப்பொறியில் அமைத்தனர். விண்கலங்கள் இரண்டு ஒன்றையொன்று எதிர்த்துப் போர் புரிவதே அவ்விளையாட்டு. கண்டோர் களித்தனர். ஆயினும், அக்கணிப்பொறியின் விலை ஏறத்தாழ 1,20,000 டாலர். ஆதலின், அவ்வின்பம் ஆய்வுக்கூடங்களின் வாயிலைக் கடந்து ஊராரை எய்தவில்லை.

நோலன் புஷ்நெல், டெட் டாப்னி என்னும் பொறியாளர் இருவர் அதனைப் பொதுமக்களிடம் கொண்டு செல்ல விழைந்தனர். விலைமிக்க கணிப்பொறியை விடுத்து, சிறு மின்சுற்றுகளாலேயே அத்தகைய விளையாட்டினை இயக்கும் வழியைக் கண்டனர். 1971-ஆம் ஆண்டில் 'கம்ப்யூட்டர் ஸ்பேஸ்' என்னும் பெயரோடு அது வெளிவந்தது. ஆனால், எண்ணிய பெருவெற்றி கிட்டவில்லை. கலத்தை இடமும் வலமும் திருப்ப இரண்டு பொத்தான்கள், உந்துவதற்கு ஒன்று, சுடுவதற்கு ஒன்று என நான்கனையும் ஆள வேண்டியிருந்தது. களைப்பாற வந்தவர் விதிகளைப் படித்துக்கொண்டு நிற்க விரும்புவரோ?

அடுத்த ஆண்டில் அவ்விருவரும் 'அட்டாரி' என்னும் நிறுவனத்தைத் தொடங்கினர். ஆலன் ஆல்கார்ன் என்னும் இளம் பொறியாளர் அங்குப் பணியில் அமர்ந்தார். அவர் கைபழகும் பொருட்டு, பந்து ஒன்றும் மட்டை இரண்டும் புள்ளிக் கணக்கும் மட்டுமே உடைய விளையாட்டு ஒன்றினைச் செய்யுமாறு புஷ்நெல் பணித்தார். பயிற்சியாகத் தொடங்கிய அதனை ஆல்கார்ன் தம் நுண்ணறிவால் அணிசெய்தார். மட்டையை எட்டுக் கூறாகப் பகுத்து, பந்து படும் கூற்றிற்கேற்ப அது வெவ்வேறு கோணத்தில் மீளுமாறு அமைத்தார். ஆட்டம் நீள நீளப் பந்தின் விரைவும் மிகுமாறு செய்தார். மின்சுற்றின் குறையொன்றால் மட்டைகள் திரையின் உச்சியை எட்டவில்லை. அக்குறையை அவர் களையாது விட்டார். வல்லவர் இருவர் ஆடினும் ஆட்டம் முடிவின்றி நீளாதிருக்க அதுவே உதவிற்று. 'பாங்' என்று பெயர்பெற்ற அவ்விளையாட்டில் ஒவ்வொருவர்க்கும் வேண்டுவது ஒரு குமிழே. அதனைத் திருப்ப அறிந்தவர் ஆடவும் அறிந்தவராயினர்.

1972-இல் கலிபோர்னியாவிலுள்ள சன்னிவேல் என்னும் ஊரில், மது விடுதி ஒன்றில், முதற்பொறியை வைத்தனர். சில நாட்களில், பொறி இயங்கவில்லை என்று செய்தி வந்தது. ஆல்கார்ன் விரைந்து சென்று திறந்து பார்த்தார். உள்ளே, காசுகள் தம் கலத்தில் நிறைந்து வழிந்து பொறியின் இயக்கத்தைத் தடுத்திருந்தன!

ஈண்டு மற்றொன்றும் கருதத்தக்கது. திரையில் பந்தாடும் கருவியை ரால்ஃப் பேர் என்னும் பொறியாளர் முன்னரே ஆக்கியிருந்தார். மேக்னவாக்ஸ் நிறுவனம் 1972-இல் அதனை 'ஒடிஸி' என்னும் பெயரால் வீடுகளுக்கு விற்றது. 'பாங்' பிறக்கும் முன்னரே புஷ்நெல் அக்கருவியைக் கண்டிருந்தார். வழக்கு எழுந்தது. 1976-இல் அட்டாரி உரிமத்தொகை தந்து இணங்கியது. முன்னே உழைத்தவர்க்கு உரியதை அளித்தல் முறையன்றோ?

பின்னர் இக்கலை ஜப்பானிலும் தழைத்தது. 1978-இல் தோமோஹிரோ நிஷிகாடோ 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' என்னும் விளையாட்டை ஆக்கினார். திரையிலுள்ள பகைவர் தொகை குறையக் குறைய, பொறியின் சுமை குறைந்து, எஞ்சியோர் விரைந்து நகர்ந்தனர். எதிர்பாராது வந்த அவ்விரைவை ஆட்டத்தின் சுவையாகவே அவர் ஏற்றுக்கொண்டார். 1980-இல் தோரு இவதானி ஆக்கிய 'பாக்மேன்' ஆட்டத்திற்குக் கைப்பிடி ஒன்றே போதியதாயிற்று. மகளிரும் விரும்பி ஆடவேண்டும் என்பது அவர் நோக்கம்.

இவ்வாறு, எளிதாகத் தோன்றும் பொருளின் பின்னே அரிய உழைப்பு மறைந்து நிற்கிறது. பயன்படுத்துவோர் படவேண்டிய வருத்தத்தை, ஆக்குவோர் தாமே முன்னர்ப் பட்டுத் தீர்க்கின்றனர். கற்றாரும் கல்லாரும் ஒருங்கே கையாளுமாறு ஒரு பொருளை அமைப்பதே தொழிலறிவின் முதிர்ச்சியாகும்.